கடலை மறைக்காத நிழல்

வடிவம்மையின் மடம் மணல்மேட்டுத்துறையின் தெற்குக் கோடியில், கடலைப் பார்த்து இருந்தது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, ஒரு கிணறு. வடிவம்மைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய சீடர் தாணுலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. மின்வாரியத்தில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ஒருநாள் மடத்துக்கு வந்தார். அப்புறம் திரும்பிப் போகவில்லை.

வயதில் சின்னவரை அவர் அம்மா என்று அழைத்தார். வடிவம்மை அவரை ஐயா என்று அழைத்தார்.

அது ஆடி மாதம். கச்சான் காற்று மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வந்தது. வெயிலும் குறையவில்லை. அந்த வெயிலில், மடத்துக்கு எதிரே கரையில், ஜெனோவா உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் ஆறு மாதம். அவள் கணவன் கிறிசாந்து தனியாகச் சின்ன வள்ளத்தில் போனவன் திரும்பி வரவில்லை. தேடப் போன படகுகளும் வெறுமனே வந்துவிட்டன.

மாமியார் கூப்பிட்டும் பகலில் அவள் வீட்டுக்குப் போகவில்லை. இருட்டினால் எழுந்து போவாள். விடிந்ததும் அதே இடத்துக்கு வந்துவிடுவாள். ஒரு மதியம் மயங்கி விழுந்தாள். இன்னும் வெயிலில் இருந்தால் குழந்தைக்கு ஆகாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தாணுலிங்கம் வடிவம்மையிடம் வந்தார்.

"அம்மா, அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்லித் தேத்தணும்?"

"நீங்க ஏதாவது சொல்லிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நடக்கிறது நம்ம கையில இல்லேன்னேன். மனசத் தளரவிடாதேன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

தாணுலிங்கம் தயங்கினார். "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கடல மறைக்கிறீங்கன்னா."

வடிவம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போய், மடித்து வைத்திருந்த நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"அவ வரமாட்டா. நிழலக் கொண்டு போங்க."

கம்பம் நடுவது தாணுலிங்கத்துக்குத் தெரிந்த வேலை. நான்கு சவுக்குக் கம்புகளை மணலில் இறக்கினார். தார்ப்பாயின் நான்கு மூலையையும் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினார். ஜெனோவா அவரையும் பார்க்கவில்லை, தார்ப்பாயையும் பார்க்கவில்லை. ஆனால் நிழல் விழுந்ததும் அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது. தாணுலிங்கம் மடத்து வாசலுக்கு வந்து தண்ணீர் குடித்தார்.

குடித்து முடிப்பதற்குள் காற்று தார்ப்பாயின் அடியில் புகுந்துவிட்டது. நான்கு கம்பும் மணலிலிருந்து உருவிக்கொண்டு கிளம்பின. ஒன்று ஜெனோவாவின் தலைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

தாணுலிங்கம் ஓடினார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மூச்சு வாங்க அந்தக் கம்பை எடுத்துத் தூரப் போட்டார்.

"ஒண்ணும் இல்லை ஐயா, பயப்படாதீங்க" என்றாள் அவள்.

மறுநாள் அவர் வேறு மாதிரி செய்தார். மின்கம்பம் சாயாமல் இருக்க ஸ்டே கம்பி கட்டுவார்கள். அந்தக் கம்பியின் நுனி மண்ணுக்குள் ஒரு தகட்டில் கோத்திருக்கும். அதை நினைத்துக்கொண்டு, சாக்குகளில் மணலை நிரப்பி வாயைக் கட்டினார். இடுப்பளவு குழி தோண்டி அவற்றைப் புதைத்து, கயிற்றைச் சாய்வாக மேலே கொண்டுவந்து கம்பில் கட்டினார். காற்று உள்ளே புகுந்தால்தானே தூக்கும் என்று, கூரையைத் தாழ்த்தி, நான்கு பக்கமும் பழைய பாயால் அடைத்தார்.

இந்த முறை ஒன்றும் பறக்கவில்லை. தாணுலிங்கம் கயிற்றைத் தட்டிப் பார்த்தார். வீணைக் கம்பி மாதிரி விண்ணென்று இருந்தது.

"உள்ள போய் உக்காரும்மா."

ஜெனோவா அவருக்காக ஒரு பாயை விலக்கி, குனிந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு வெளியே வந்து, பழையபடி வெயிலில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா?"

"உள்ள கடல் தெரியல ஐயா."

அவர் கடல் பக்கத்துப் பாயை அவிழ்த்தார். அதற்காகவே காத்திருந்ததுபோலக் காற்று சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. சாக்குகள் அசையவில்லை. கயிறு அறுபடவில்லை. தார்ப்பாய்தான் நடுவில் டர்ரென்று கிழிந்தது.

தாணுலிங்கம் மடத்துக்கு வந்து அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வடிவம்மை அவருக்குச் சுக்குக் காப்பி கொடுத்தார்.

"என்னால முடியாது அம்மா. அடைச்சா கடல் தெரியல. திறந்தா கிழியுது. இந்தக் காத்த நான் என்ன பண்றது?"

"குடிங்க முதல்ல."

அவர் குடித்து முடித்தார். பிறகு வடிவம்மை அவரைக் கரைக்குக் கூட்டிப் போனார். கிழிந்த தார்ப்பாயின் நல்ல பாதியை எடுத்து, ஒரு முனையை அவரிடம் கொடுத்து, இன்னொரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே நின்றார்.

தார்ப்பாய் உப்பியது. இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனது. வடிவம்மை கால் இடறி மணலில் உட்கார்ந்துவிட்டார். தாணுலிங்கம் அவர்மேல் விழாமல் சமாளித்து நின்றார். ஜெனோவா திரும்பிப் பார்த்தாள்.

வடிவம்மை சேலையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கரையில் யாரோ கழித்துப் போட்ட பழைய வலை ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையைத் தாணுலிங்கத்திடம் கொடுத்து, அதேபோல நின்றார்.

வலை லேசாக ஆடியது. அவ்வளவுதான்.

"இழுக்குதா ஐயா?"

"இல்ல."

"காத்து குறைஞ்சிருக்கோ?"

"குறையல அம்மா. ஊடால போகுது."

வடிவம்மை வலையை விட்டுவிட்டு மடத்துக்குப் போய்விட்டார்.

தாணுலிங்கம் வலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். வலை நிழல் தராது. அது அவருக்குத் தெரியும். வெகுநேரம் கழித்துத் தன்னுடைய பழைய வேட்டிகளை எடுத்துவந்து, நீளவாக்கில் கிழித்து, வலைக்கண்களில் நுழைக்கத் தொடங்கினார். ஒரு கண்ணில் துணி, பக்கத்துக் கண் வெறுமை. விரல்கள் பழக்கமில்லாமல் தடுமாறின.

"அப்படி இல்ல ஐயா."

ஜெனோவா பக்கத்தில் வந்திருந்தாள். அவர் கையிலிருந்து துணியை வாங்கி, வலையை மடியில் போட்டு, விரலால் ஒரு சுண்டு சுண்டிக் கோத்துக் காட்டினாள். பிறகு அடுத்த கண்ணுக்குப் போனாள். பிறகு அதற்கு அடுத்தது. கடலைப் பார்த்துக்கொண்டேதான் கோத்தாள். விரல்களுக்குக் கண் தேவைப்படவில்லை.

வேட்டி தீர்ந்ததும் வடிவம்மையின் காவிச் சேலை ஒன்று வந்தது. கஞ்சி கொண்டுவந்த மாமியாரும் உட்கார்ந்துகொண்டாள். கோத்துக்கொண்டே ஜெனோவா கஞ்சியைக் குடித்துவிட்டாள். தூக்குச் சட்டி காலியாக இருந்ததைப் பார்த்த மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தாணுலிங்கம் புதைத்த சாக்குகள் அப்படியே இருந்தன. வலையின் மேற்கு விளிம்பைத் தரையை ஒட்டிக் கட்டினார். அங்கிருந்து கூரை சரிவாக எழுந்து, கிழக்கே இரண்டு கம்புகளின்மேல் நின்றது. கடல் பக்கம் முழுவதும் திறப்பு. கயிறுகளை இழுத்துக் கட்டப் போனவர், கை வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தளர்த்தியே முடிச்சுப் போட்டார்.

காற்று வந்தது. கூரை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. வெள்ளையும் காவியுமாகத் துணிகள் படபடத்தன. மணலில் நிழல் ஆடியது. ஆனால் அங்கேயே கிடந்தது.

ஜெனோவா உள்ளே போய் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். அவளுக்கு முன்னால் கடல் முழுவதும் இருந்தது.

அதன்பிறகு தாணுலிங்கம் தினமும் காலையில் கயிறுகளைப் பார்த்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரை நிழலில் வைத்துவிட்டு, அவளுக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்துகொள்வார். அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். பெரும்பாலும் அவள் எதுவும் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், "குழந்தை உதைக்குது ஐயா" என்றாள். "உதைக்கட்டும்மா" என்றார்.

ஒருநாள் காலையில் மாமியார் மணலில் விழுந்து எழுந்து ஓடிவந்தாள். கிறிசாந்து உயிரோடு இருந்தான். எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தோடு வடக்கே போனவனை ஒரு விசைப்படகு தூக்கிக்கொண்டது. தூரத்து ஊர் ஒன்றில் கரையேறி, பக்கத்து வீட்டு எண்ணுக்குப் பேசியிருக்கிறான். பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான்.

ஜெனோவா அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். நெடுநேரம் அழுதாள். வீட்டுக்குப் போகலாம் என்று மாமியார் கூப்பிட்டதற்கு, எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல், வரவில்லை என்று தலையை அசைத்தாள். அங்கேயே, அந்த நிழலிலேயே, ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போனாள்.

வெயில் சாயும் நேரத்தில் கிறிசாந்து வந்தான். கடல் வழியாக அல்ல, அவளுக்குப் பின்னால் இருந்த ரோட்டு வழியாக. உதடெல்லாம் வெடித்து, யாரோ கொடுத்த சட்டையோடு இருந்தான். அவள் தூங்குவதைப் பார்த்ததும் எழுப்பவில்லை. குனிந்து உள்ளே போய், அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

தாணுலிங்கம் சத்தமில்லாமல் எழுந்து மடத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் கரையில் யாரும் இல்லை. வடிவம்மையும் தாணுலிங்கமும் போய் அந்த நிழலில் உட்கார்ந்தார்கள். காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க ஐயா" என்றார் வடிவம்மை.

தாணுலிங்கம் சந்தோஷப்படவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவன் வந்துட்டான். சரி. ஒருவேளை வராமப் போயிருந்தா? இத்தனை பாடுபட்டு இதக் கட்டி என்ன புண்ணியம்?"

வடிவம்மை குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் சாய்த்து அவரிடம் நீட்டினார்.

"அவன் வராமப் போயிருந்தாலும் வெயில் அடிச்சிருக்குமே, ஐயா."