பட்டுச் சட்டை போட்ட ஏழை

இஸ்திரிக்காரர் மாசிலாமணிக்குச் சொத்து என்று இருந்தவை ஒரு கரி இஸ்திரிப்பெட்டியும் குடலிறக்கமும்தான். இலவச ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் வருமானச் சான்று கேட்டார்கள். கிழிசலோடு போனால் அதிகாரிக்கு மரியாதையில்லை என்று, தேய்க்க வந்த மூட்டையிலிருந்து ஒரு பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். ஏழை என்று சொல்லத்தான் போகிறோம் என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை.

தாலுகா அதிகாரி மேலும் கீழும் பார்த்தார். "யோவ், பட்டுச் சட்டையில வந்து ஏழைங்கிறியா? எங்கிட்டயே இந்த மாதிரி ஒண்ணுதான்யா இருக்கு!"

"அந்த ஒண்ணுதாங்க இது," என்று தலையைச் சொறிந்தார் மாசிலாமணி. "காலையில உங்க வீட்டம்மா தேய்க்கக் குடுத்தாங்க."

ஆபீசே சிரித்தது. "கழட்டுய்யா!" என்று கத்தினார் அதிகாரி.

"கழட்டிடறேங்க. சட்டைப் பையில உங்க பேருக்கு இலவச வைத்திய அட்டை இருந்துச்சு. ஏழைங்களுக்குக் குடுக்கிற அட்டை. சரி, சட்டை ராசியான சட்டை போலன்னு, புத்தி கெட்டுப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

அட்டையை எடுத்துக் காட்டினார். சிரிப்பு நின்றது. அதிகாரி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, அவசரமாகச் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

மாசிலாமணி சட்டையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். கிழிந்த பனியனோடு கும்பிட்டார்.

"இப்பப் பாருங்க. நம்ம ரெண்டு பேருல யாரு ஏழைன்னு தெரியுதுங்களா?"