பாதி ஊருக்குத் தெரிய வேண்டிய சங்கம்

பாம்பேரிப்பட்டியில் பாம்புக்கடி விழிப்புணர்வுச் சங்கம் என்று ஒன்று இருந்தது. அது இருப்பது பாம்புகளுக்கே தெரியாது. செயலாளர் பூவராகன் மட்டும் தினமும் வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். சங்கத்தை மூடினால் மாமனாரின் மில்லில் போய் மிளகாய் அரைக்க வேண்டும். அந்த நினைப்பு வந்தாலே அவருக்குத் தும்மல் வந்துவிடும்.

நிதி கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் வந்தார்.

"'விழிப்புணர்வு பரப்புவோம்'னு மொட்டையா எழுதினா எப்படி சார்? அளந்து பாக்கிற மாதிரி இலக்கு வையுங்க. பொங்கலுக்குள்ள பாதி ஊருக்காவது உங்க சங்கம் தெரியணும். நானே வந்து விசாரிப்பேன். இல்லேன்னா நிதி கிடையாது."

கார் தெருமுனை தாண்டுவதற்குள் பொருளாளர் ஜம்புலிங்கம் டெய்லர் கடைக்கு ஓடி இஞ்சு டேப் வாங்கி வந்துவிட்டார். அப்படி ஒரு சுறுசுறுப்பு!

வீடு வீடாகப் போய், "எங்க சங்கத்தைத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றவர்களிடம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். விளக்கிச் சொல்லும்படி மேடம் சொல்லவில்லையே! தெரியும் என்றவர்கள் கால்வாசிகூடத் தேறவில்லை. அவர்களும் பூவராகனின் சொந்தக்காரர்கள்.

தலைவர் ஆளவந்தார் தாடையைத் தடவினார். "தெரிஞ்சவங்களைக் கூட்டுறது கஷ்டம்யா. தெரியாதவங்களைக் குறைச்சா?"

"அடிச்சா விரட்ட முடியும்?" என்றார் ஜம்புலிங்கம்.

"எதுக்கு அடிக்கணும்? மேடம் வர்ற அன்னிக்கு பஸ் பிடிச்சு அவங்களைக் கன்னியாகுமரிக்கு அனுப்பிடுவோம். மிச்சம் இருக்கிற அத்தனை பேருக்கும் சங்கம் தெரியும். பாதி என்னய்யா பாதி, முழு ஊரு!"

பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மூளை இந்த ஊரிலா!

ஆட்டோவில் மைக் கட்டினார்கள். "பாம்புக்கடி விழிப்புணர்வுச் சங்கத்தைத் தெரியாதவர்களுக்கு மட்டும் இலவசப் பயணம்! சாப்பாடு உண்டு!" கத்திய கத்தலில், தெரியாத ஆள் ஒருவர்கூட ஊரில் பாக்கியில்லை. ஆனால் பஸ்ஸுக்கு வந்த கூட்டமோ, "அப்படி ஒரு சங்கமா? கேள்விப்பட்டதே இல்லையே!" என்று சத்தியம் செய்தது. பூவராகனின் மனைவி கற்பூரம் அடிக்காத குறை. தலைவரும் பொருளாளரும் எப்போது ஏறினார்கள் என்பதே தெரியவில்லை.

மேடத்தின் கார் வந்து நின்றபோது ஊரில் பூவராகன் ஒருவர்தான் மிச்சம். தெரியும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முழு ஊருக்கும் தெரிந்த கணக்காகிவிடும்.

"சொல்லுங்க, பாம்புக்கடி சங்கத்தைத் தெரியுமா?"

"ஒரு சீட்டுதான் இருக்கு, ஜன்னலோரம்!" என்று கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸின் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"எந்தச் சங்கம் மேடம்?" என்று கேட்டுக்கொண்டே பூவராகன் தாவி ஏறினார்.

பக்கத்து சீட்டில் மாமனார். "வாங்க மாப்ளே," என்று காலை ஒதுக்கி ஜன்னலுக்கு வழி விட்டார்.

பூவராகன் உட்கார்ந்ததும் தும்மினார்.