மூன்றாம் துணைத்தேற்றம்

இருதயராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டே ஒன்பது ஆண்டுகளாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துவந்தார். அவருடைய நெறியாளர் ஜுபைதா அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர். நீளம், பரப்பு இவற்றை அளப்பதை ஆராயும் அளவைக் கோட்பாட்டில் பெயர் பெற்றவர்.

ஆய்வேட்டைக் கொடுக்க நான்கு நாள் இருந்தபோது இருதயராஜ் ஜுபைதாவின் அறைக்கு வந்தார்.

"மேடம், ஒரு இடம் உதைக்குது."

"எங்கே?"

பலகையில் ஒரு சதுரம் வரைந்தார். அதற்குள் நெடுக்குக் கோடுகள்.

"ஒவ்வொரு கோட்டிலும் நமக்கு ஒத்துவராத புள்ளிகள் கொஞ்சம் இருக்கு. அதுக்கு நீளமே கிடையாது. அதனால ஒண்ணுமில்லைன்னு விட்டுடுறோம்."

"சரி."

"ஆனா கோடுகள் எண்ணித் தீராது. விட்டதையெல்லாம் சேர்த்தா, சதுரத்துல அது ஒண்ணுமில்லைன்னு சொல்ல முடியலை. அதை அளக்கவே முடியலை."

ஜுபைதா பலகையைப் பார்த்தபடி இருந்தார்.

"இது மூன்றாம் துணைத்தேற்றம்."

"ஆமாம் மேடம்."

ஜுபைதா இருபத்தைந்து வயதில் எழுதி வெளியிட்ட கட்டுரையில் ஒரு படியாக நிறுவியது அது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அதுதான். இருதயராஜின் ஆய்வேடு முழுக்க அதன்மேல் நின்றது.

"எனக்குத்தான் புரியலையோ என்னவோ," என்றார் இருதயராஜ்.

"மூணு நாள் கொடுங்க சார்."

மூன்று நாளும் ஜுபைதா அதை ஒட்டவைக்கப் பார்த்தார். ஒட்டவில்லை. நான்காம் நாள் காலை வந்த இருதயராஜ், அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"இன்னையோட என் பதிவுக்காலம் முடியுது மேடம். இனி நீட்டிக்க மாட்டாங்க. பதினாலு வருஷமா இது யார் கண்ணுலயும் படலை. தேர்வாளர்களும் இவ்வளவு தூரம் பார்க்க மாட்டாங்க." அவர் குரல் இறங்கியது. "கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் சரியாத்தானே வருது? இப்படியே விட்டா என்ன?"

ஜுபைதா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். கட்டுரை வந்த ஆய்விதழுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்.

'என் கட்டுரையின் மூன்றாம் துணைத்தேற்றம் தவறு. பிழையைக் கண்டவர் ம. இருதயராஜ்.'

இருதயராஜ் இரண்டு முறை படித்தார்.

"என் பேரு எதுக்கு மேடம்?"

"கண்டது நீங்கதானே."

"இது போனா எனக்குப் பட்டம் இல்லை."

"ஆமாம், இல்லை."

வராந்தாவில் மாணவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் இருதயராஜ், "அனுப்பிடுங்க," என்றார்.

ஜுபைதா அனுப்பினார்.

"இனி உங்க பேரு என்ன ஆகும் மேடம்?"

"அந்தத் தேற்றத்தை நம்பிப் பதினேழு பேர் எழுதியிருக்காங்க சார். முகவரி தேடணும். ஒன்பது பேருக்கு நான் எழுதுறேன். எட்டு பேருக்கு நீங்க எழுதுங்க."