பட்டத்து யானையின் காளான்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான். ஊர், பேரெல்லாம் கேட்காதீர்கள். இப்படிப்பட்டவனுக்கு எந்த ஊராயிருந்தால் என்ன? மழை விட்ட ஒரு காலையில் பட்டத்து யானையைப் பார்க்கப் போனான். கொட்டடியில் கிடந்த லத்திக் குவியலில் வெள்ளை வெளேரென்று காளான்கள் முளைத்திருந்தன.

கூட வந்த ஆஸ்தான பண்டிதர் அனந்தசயனம் உடனே கைகூப்பினார். "மகாராஜா! பட்டத்து யானை தங்களுக்காக ஏந்திய வெண்கொற்றக் குடை இது. தேவலோகத்துக் காளான். உண்பவருக்கு ஆயுள் நூறு!"

யானைப்பாகன் கொம்பையனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சாமி, இது வெறும் லத்திக் காளானுங்க. யானையே மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போவுது. தின்னா உசுருக்கு ஆபத்துங்க."

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளை மதிய விருந்தில் இதை உண்பேன். எனக்கு முன்னால் இவன் உண்டு காட்டட்டும்" என்று பாகனைச் சிறையில் தள்ளினான்.

அரசவை விகடகவி வெண்காடன் பாகனுக்காக மன்றாடினான். அவனைக் கண்டாலே பண்டிதருக்கு வயிற்றெரிச்சல். "இது தேவக் காளான் இல்லை என்று விகடகவி நிரூபிக்கட்டும். தவறினால் அவரும் உண்ணட்டும்" என்று கொளுத்திப் போட்டார். ராஜா தலையாட்டினான்.

வெண்காடன் சிறைக்குப் போனான். "பயப்படாதே கொம்பையா. நாளைக்கு மதியத்துக்குள்ள உன்னை வெளியே கொண்டாந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க சாமி. நான் போவலைன்னா யானை கவளம் தொடாது" என்றான் அவன்.

மறுநாள் காலை வெண்காடன் மூன்று இலைகளில் காளான்களோடு சபைக்கு வந்தான். "மகாராஜா, ஒன்று பட்டத்து யானையின் லத்தியில் முளைத்தது. ஒன்று உப்பு வியாபாரியின் கழுதை விட்டையில். ஒன்று பண்டிதர் வீட்டு எருமைச் சாணத்தில். எது எதுவென்று இலைக்கு அடியில் அமைச்சரே எழுதி வைத்திருக்கிறார். தேவக் காளானைப் பண்டிதர் எடுத்துத் தரட்டும்."

பண்டிதர் முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆகா, என்ன ராஜகளை!"

அமைச்சர் இலையைத் திருப்பிப் படித்தார். "கழுதை."

சபை கொல்லென்று சிரித்தது. "கழுதையுடையதும் தேவக் காளான்தான் போலிருக்கிறது. ஒரு வாய் உண்ணுங்கள், சுவாமி" என்றான் வெண்காடன்.

"இன்று... எனக்கு ஏகாதசி விரதம்!"

"ஏகாதசி போய் நாலு நாளாகிறது, சுவாமி."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த நேரம் பார்த்து மடைப்பள்ளித் தலைவன் வந்து நின்றான். "மன்னிக்கணும் மகாராஜா. காளான் கறி வைக்க முடியாதுங்க. சோதனைக்குத் தின்ன பாகன் விடியக்காலம் செத்துப்போயிட்டான்."

ராஜ விருந்துக்கான பண்டத்தை முந்தின மாலையே ஒருவனுக்கு ஊட்டிப் பார்ப்பது அந்த அரண்மனையின் வழக்கம். இருபது வருஷம் அந்த மடைப்பள்ளிச் சோற்றைத் தின்ற வெண்காடனுக்கு அது தோன்றவே இல்லை. பாவி! மதியம் வரை நேரமிருக்கிறதென்று காளான் பறித்துக்கொண்டிருந்தான்.

 ராஜா மறுபடியும் சிரித்தான். "நல்லவேளை, நான் உண்ணவில்லை! கழுதையாமே, கழுதை!" தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டான். பண்டிதருக்கு ஒரு குறையும் வரவில்லை. மறுவாரமே வேறொரு நல்ல சகுனம் கண்டுபிடித்தார்.

வெண்காடன் நேரே கொட்டடிக்குப் போனான். கவளங்கள் அப்படியே காய்ந்து கிடந்தன. மாலையைக் கழற்றி, கையில் வைத்து நீட்டினான். யானை அதை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிற்று.