பனிக்குத் தப்புன வெத்தலக்கொடி

கால ஆட்டாம கேளு. ஊட்டிக்கு மேல, பனி கொட்டுற ஒரு ஊர்ல ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தாங்க. மாமியா பேரு ஒச்சம்மா, மருமக பேரு தங்கபுஷ்பம். எங்க, "ம்" சொல்லு. ஆங், அப்பிடி.

ஒச்சம்மா சோழவந்தான்காரி. புருஷன் வெத்தலக் கொடிக்கால் வச்சிருந்த மனுஷன். அவரு செத்ததும் மகன் அம்மாவ மலைக்குக் கூட்டிட்டு வந்துட்டான். வரும்போது அவரு கையால நட்ட கொடியில ஒரு துண்ட வெட்டி, ஈரத்துணியில சுத்திக் கொண்டாந்தா. வீட்டோரமா நட்டுட்டு, "இது பட்டுப்போச்சுன்னா நான் ஊருக்குப் போயிருவேன். தனியாக் கெடந்தாலும் சரி"ன்னுட்டா. மருமக அன்னிலருந்து அந்தக் கொடியக் கண்ணு மாதிரி பாத்துக்கிட்டா. அந்த வயசுல தனியா விட முடியுமா?

அப்புறம் மார்கழி வந்துச்சு. தங்கபுஷ்பம் கொடி மேல சாக்கப் போத்துனா. காலையில பாத்தா சாக்கு மொடமொடன்னு வெறச்சுக் கெடக்கு, அடியில ரெண்டு எல கருகிப்போச்சு. அப்புறம் பெரணித் தழைய அள்ளி மூடுனா. காத்து விர்ர்ர்ருன்னு வந்து அத்தனையும் தூக்கிட்டுப் போயிருச்சு. இன்னும் மூணு எல காலி.

"மூட்ட கட்டவா?"ன்னா ஒச்சம்மா.

"சும்மா இருங்கத்தே!"ன்னு அதட்டிட்டு, பழைய தேயிலப் பெட்டி ஒண்ண எடுத்து, டொக்கு டொக்குன்னு அடிப்பலகையத் தட்டிக் கழட்டி, கொடியச் சுத்தி இறக்குனா. உள்ள ஓரமா வைக்கோலும் பச்சச் சாணியும் திணிச்சா, சூடு குடுக்கும்ல. மேல மூடி வைக்க ஒரு ஜன்னல் கண்ணாடி. தூங்கிட்டியா? இல்லையா, சரி.

மறுநா காலையில தொறந்தா, அடப்பாவமே, உள்ளயும் பனிக்கட்டி! ஒரே ஒரு கணுதான் பச்சையா இருக்கு.

"பெட்டிக்குள்ள தண்ணி எப்பிடி வந்துச்சு?"

அப்போ ஒச்சம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டா. "நாந்தான் புஷ்பம். சாயங்காலம் கொடிக்குத் தண்ணி தெளிக்காம அவரு வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டாரு. நாப்பது வருசம் கூட நின்னு தெளிச்ச கை, கேக்க மாட்டேங்குது." சொல்லிட்டு அழுதுட்டா.

தங்கபுஷ்பத்துக்கும் அழுகை வந்துருச்சு. "தெளிங்கத்தே, யாரு வேணாம்னா? வெயில் ஏறுனப்புறம் காலையில தெளிங்க. நானும் கூட நிக்கிறேன்."

அப்பிடியே தெனமும் ரெண்டு பேரும் தெளிச்சாங்க, பொழுது சாஞ்சா மூடுனாங்க. சித்திரையில அந்தக் கணுவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எல. ஒச்சம்மா அதக் கிள்ளி, பாக்கு வச்சு மடிச்சு, மருமக வாயில திணிச்சுட்டா. பழக்கமில்லாதவ, பாவம், காரம் சுர்ர்ருன்னு ஏறி, கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி ஊத்த, தையத் தக்கான்னு குதிச்சா.

ஒச்சம்மா கெக்கெக்கேன்னு சிரிச்சா. அவரு போனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சா. ஊருக்குப் போற பேச்ச அவ அப்புறம் எடுக்கவே இல்ல.

கதை அவ்வளவுதான். போர்வைய இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படு.