ஏன் வந்தாய் என்றது இருவாட்சி

நடுவே ஆறு ஓடும் ஒரு காட்டில் வெள்ளச்சி என்றொரு இளங்கரடி இருந்தது, பிள்ளைகளே. அடுப்புக்கரியைவிடக் கறுத்த கரடிக்கு வெள்ளச்சி என்று யார் பேர் வைத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வெள்ளச்சிக்கு ஒரு குணம் உண்டு. மனத்தில் ஒரு கேள்வி விழுந்துவிட்டால், பதில் கிடைக்கும்வரை அதற்குச் சோறு தண்ணீர் இறங்காது. மற்றக் கரடிகள் புற்றைக் கண்டால் வாயை வைக்கும். வெள்ளச்சி காதை வைக்கும். மழை வருவதற்கு முன்னால் புற்றுக்குள்ளிருந்து ஈசல் புறப்படுகிறதே, வானத்தையே பார்க்காமல் இருட்டில் கிடக்கும் பூச்சிக்கு மழை வரப்போவது எப்படித் தெரியும்? அம்மாவைக் கேட்டது. "பேசாமல் தின்னு, பறந்துவிடும்" என்றது அம்மா. அத்தையைக் கேட்டது. அத்தைக்கு வாய் நிறைய ஈசல்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கல்லூரி இருந்தது. அங்கே போனால் தெரியும் என்று காற்றுவாக்கில் ஒரு செய்தி காதில் விழ, வெள்ளச்சி அன்றைக்கே கிளம்பிவிட்டது. போகிற வழியெல்லாம் ஒரே ஓட்டமும் குதியும்தான்.

அந்தக் கல்லூரியில் சேருவதற்கு ஒரு முறை இருந்தது. முதல் மழை பெய்த மறுநாள், அக்கரைப் பாறைமேல் கல்லூரி முதல்வரான இருவாட்சிப் பறவை வந்து உட்காரும். சேர வந்தவர் ஆற்றில் இறங்கி நின்று, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏன் வந்தாய்? இதுதான் கேள்வி. பதிலைக் கேட்டு இருவாட்சி வலப்பக்கம் போ என்னும், அல்லது இடப்பக்கம் போ என்னும். இரண்டு பாதையும் மூங்கில் புதருக்குள் போய் மறைந்துவிடும், எது எங்கே போகிறதென்று இக்கரையிலிருந்து தெரியாது. தண்ணீரில் நின்று சொன்ன சொல்லை அடுத்த மழைக்காலம்வரை மாற்ற முடியாது.

இக்கரையில் அன்று திருவிழாக் கூட்டம். எல்லோருக்கும் கால் தரையில் பாவவில்லை. வரிசையில் நின்றபடியே ஒருவர் கதையை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டில் பலாச்சுளை போடுகிறார்களாம், அதற்காகவே வந்தேன் என்றது குரங்கு. வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார்கள், கல்லூரி என்றால் கொஞ்சம் தள்ளிப்போடலாமே என்றது முள்ளம்பன்றி. காட்டெருமை மட்டும், நாலு பேருக்கு உதவியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று வெட்கத்தோடு சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

புள்ளிமான் வெள்ளச்சியின் காதருகே வந்து, "போன கோடையில் என் தங்கையைப் புலி கொண்டுபோய்விட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். காற்று எந்தப் பக்கமிருந்து வாடையைக் கொண்டுவரும் என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் படிக்க வந்தேன்" என்றது. வெள்ளச்சியும் தன் ஈசல் கேள்வியை மானிடம் சொன்னது.

இவ்வளவையும் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது யார்? நரிதான். வேறு யார்!

நரி உச்சுக் கொட்டியது. "ஐயோ பாவம், இதையெல்லாமா முதல்வரிடம் சொல்வீர்கள்? பலாச்சுளையாம், ஈசலாம்! சிரித்தே அனுப்பிவிடுவார். நான் சொல்வதைச் சொல்லுங்கள்: காட்டுக்குச் சேவை செய்ய வந்தேன். இதற்கு மிஞ்சி ஒரு பதில் கிடையாது."

நரிக்கு ஏன் இத்தனை அக்கறை? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினால் இருவாட்சிக்குக் காது புளித்துப்போகும். கடைசியில் தான் போய் ஒரு புதுப் பதிலை எடுத்துவிட்டால் தனக்குத்தானே முதல் மரியாதை? அதற்காக, "அறிவே ஆகாயம், ஆகாயமே அறிவு" என்று ஒன்றை வெகுநேரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அதற்கு என்ன பொருள் என்று நரிக்கும் தெரியாது.

வரிசை நகர்ந்தது. குரங்கு முதலில் இறங்கியது.

"ஏன் வந்தாய்?" என்றது இருவாட்சி.

"காட்டுக்குச் சேவை செய்ய வந்தேன்."

"நல்லது. வலப்பக்கம் போ."

இக்கரையில் ஒரே ஆரவாரம். முள்ளம்பன்றியும் அதையே சொன்னது, அதுவும் வலப்பக்கம். காட்டெருமையும் வலப்பக்கம். பதில் பலித்துவிட்டது என்று எல்லோரும் நரியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நரிதான் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டது. கெடுக்க நினைத்துச் சொன்னது இப்படி வாழவைக்கிறதே!

அடுத்து மான் இறங்கியது. ஒருமுறை வெள்ளச்சியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "காட்டுக்குச் சேவை செய்ய வந்தேன்" என்று ஒப்பித்துவிட்டு வலப்பக்கம் ஓடியது.

வெள்ளச்சிக்குச் சுருக்கென்றது. தங்கையை நினைத்து இவ்வளவு தூரம் நடந்து வந்த மான், அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ஆனால் அதற்கு இடம் கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் தனக்குக் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் இன்னொரு மழைக்காலம்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தக் கேள்வியோடு எப்படித் தூங்குவது?

வெள்ளச்சி ஆற்றில் இறங்கியது. தண்ணீர் சில்லென்று முழங்காலைத் தொட்டது.

"ஏன் வந்தாய்?"

"காட்டுக்கு…" என்று தொடங்கியது வெள்ளச்சி. அதற்குமேல் வாய் வரவில்லை. அடுத்தவர் மென்ற கரும்பை வாயில் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது. துப்பிவிட்டது.

"ஐயா, மழை வரப்போவது ஈசலுக்கு எப்படித் தெரிகிறது? அது எனக்குத் தெரியாவிட்டால் தலையே வெடித்துவிடும். அதற்காகத்தான் வந்தேன்."

இக்கரை முழுவதும் கொல்லென்று சிரித்தது. இருவாட்சி மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தைச் சாய்த்துக் கரடியை ஒரு பார்வை பார்த்தது.

"இடப்பக்கம் போ."

போயிற்று, எல்லாம் போயிற்று! வெள்ளச்சி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இடப்பக்கப் பாதையில் நடந்தது. கண்ணீர் மூக்கு நுனியில் வந்து சொட்டியது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி மூங்கில் புதரைத் தாண்டித் திரும்பியது.

அங்கே ஒரு பெரிய புற்றை நடுவில் பிளந்து வைத்திருந்தார்கள்! உள்ளே அறை அறையாக, வழி வழியாக, காற்றுப் போகும் துளைகளோடு ஒரு நகரமே தெரிந்தது. உடம்பெல்லாம் செதிலோடு, எறும்பு தின்னும் அழுங்கு ஒன்று தன் நீண்ட நகத்தால் ஒவ்வொரு வழியையும் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

"ஈரக்காற்று முதலில் இந்த வழியாகத்தான் உள்ளே நுழைகிறது" என்றது அழுங்கு. "ஏன் நிற்கிறாய்? வந்து கையை வைத்துப் பார்."

அழுகை போன இடம் தெரியவில்லை. வெள்ளச்சி எட்டுக் காலில் பாய்ந்ததுபோல் ஓடிப் போய்ப் புற்றுக்குள் மூக்கை நுழைத்தது. மெல்லிய ஈரம் மூக்கில் பட்டது. ஒரு கேள்வியோடு வந்த கரடிக்கு அந்த ஒரு மூச்சில் பத்துக் கேள்வி முளைத்தது.

இக்கரையில் கடைசியாக நின்றது நரி. ஈசல் என்று சொன்ன கரடி இடப்பக்கம் போனதையும், மற்றவர்கள் எல்லாம் வலப்பக்கம் போனதையும் அது பார்த்துக்கொண்டுதானே இருந்தது? ஆகாயமும் வேண்டாம், அறிவும் வேண்டாம் என்று தண்ணீரில் குதித்தது.

"காட்டுக்குச் சேவை செய்ய வந்தேன்!" என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னது.

"மிக நல்லது. வலப்பக்கம் போ."

நரி வாலை ஆட்டிக்கொண்டு புதரைத் தாண்டிப் போனது. அங்கே வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை. மழையில் முறிந்து விழுந்த கிளைகள் காட்டுப் பாதையெங்கும் மலைமலையாகக் கிடந்தன. குரங்கும் முள்ளம்பன்றியும் மானும் மூச்சிரைக்க அவற்றை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. காட்டெருமை மட்டும் ஆனந்தமாகப் பாடிக்கொண்டே இரண்டு மடங்கு வேலை செய்தது. அது கேட்டது அதற்குக் கிடைத்துவிட்டது.

"நாங்கள் படிக்க வந்தவர்கள்!" என்று கத்தியது நரி.

மேலே கிளையில் வந்து உட்கார்ந்தது இருவாட்சி. "அப்படியா? சேவை செய்ய வந்ததாக அல்லவா சொன்னீர்கள்? கேட்டதைத்தான் கொடுத்தேன்."

"கல்யாணத்துக்குத் தப்பி வந்து இந்தக் கட்டையோடு மாரடிக்கிறேனே" என்று புலம்பியது முள்ளம்பன்றி.

"அதைச் சொல்லியிருந்தால் இடப்பக்கம் அனுப்பியிருப்பேனே" என்றது இருவாட்சி.

மான் கிளையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தது. தங்கையின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னது. இருவாட்சியின் கண்கள் கலங்கின. ஆனாலும் தண்ணீரில் நின்று சொன்ன சொல் சொன்னதுதான்.

அடுத்த மழைக்காலத்தின் முதல் மழைக்கு மறுநாள், இன்னும் பொழுது விடியவில்லை, ஆற்றங்கரையில் யாருமில்லை. மான் மட்டும் கழுத்துவரை தண்ணீரில் நின்றது. பாறைமேல் வந்து உட்கார்ந்த இருவாட்சி வாயைத் திறப்பதற்குள், "என் தங்கைக்காக வந்தேன்" என்றது மான்.

நீதி: இரவல் வாங்கிய பெரிய காரணத்தைவிட, சொந்தமாக முளைத்த சின்னக் காரணமே கரை சேர்க்கும்.