ராஜ பன்னீர்

தென்மாவூர் மன்னர் வீரகண்டருக்கு வாள் சுழற்றத் தெரியும், மதயானையை அடக்கத் தெரியும். பேரம் பேச மட்டும் தெரியாது. "இது அரசருக்கென்றே செய்தது" என்று யாராவது நீட்டினால் போதும், கருவூலக் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

அதை மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தவன் தனபூபதி. ஏழு கடல் தாண்டி வணிகம் செய்தவன் என்று அவனே சொல்லிக்கொண்டான். விரலுக்கு விரல் மோதிரம், வாய் நிறைய வெற்றிலை. வந்த கொஞ்ச நாளில் ஊர் முழுக்க அவன் பன்னீர்தான் மணந்தது. தங்கக் குப்பியில் வந்தால் ராஜ பன்னீர். அதை மன்னர் மட்டுமே பூசலாம். வெள்ளிக் குப்பியில் சீமான் பன்னீர். மண் குப்பியில் இருந்தால் வெறும் பன்னீர், குதிரைக்காரன்கூட வாங்கலாம்.

அரசவையில் இளங்காரி என்றொருவர் இருந்தார். மன்னர் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு, தலையோடு வீடு திரும்பத் தெரிந்த ஒரே ஆள். தனபூபதியைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, எதிராளியின் மடியை எடை போட்டுப் பார்க்கிற சிரிப்பு.

ஒருநாள் தனபூபதி அவையில் எழுந்து நின்றான்.

"மன்னா, ஊருணியைச் சும்மா கிடக்க விட்டிருக்கிறீர்களே! எவனெவனோ வந்து குடத்தை நிரப்பிக்கொண்டு போகிறான். அதை என்னிடம் குத்தகைக்கு விடுங்கள். மூன்று படித்துறை கட்டுகிறேன். துறைக்கு ஒரு விலை."

"தண்ணீர் ஒன்றுதானே?" என்றார் மன்னர்.

"தண்ணீர் ஒன்றுதான். வாங்குகிறவன் ஒன்றல்லவே! விலை பொருளில் இல்லை மன்னா, வாங்குகிறவன் மடியில் இருக்கிறது. முதல் துறைக்குப் பளிங்குப் படி. இரண்டாவதற்குக் கருங்கல். மூன்றாவதில் தினமும் காலையில் ஆள் விட்டுச் சேற்றைக் கலக்கிவிடுவேன்."

"ஐயோ, அது எதற்கு?"

"தண்ணீர் தெளிவாக இருந்தால் பணக்காரனும் மலிவுத் துறைக்கே வந்துவிடுவானே! ஏழையை வருத்த வேண்டும் என்று எனக்கு ஆசையா? பணம் உள்ளவனைப் பயமுறுத்தத்தான் சேறு."

அவை வாய் பிளந்தது. அடடா, என்ன மூளை என்று நாலு பேர் தலையை ஆட்டினார்கள். இளங்காரி வெளியே கொளுத்துகிற வெயிலைப் பார்த்தார். கோடை பிறந்துவிட்டது. ஊரில் மற்ற கிணறெல்லாம் உப்பு. பிள்ளைத்தாய்ச்சியும் கைக்குழந்தையும் இவன் கலக்கிய சேற்றையா குடிப்பது? அதற்குள் மன்னர் கை முத்திரை மோதிரத்தைத் தடவத் தொடங்கிவிட்டது.

இளங்காரி எழுந்து பலமாகக் கை தட்டினார்.

"அபாரம்! மன்னா, இப்பேர்ப்பட்ட மேதையின் குத்தகைக்கு உடனே முத்திரை இடலாம். ஒரே ஒரு சந்தேகம். தண்ணீருக்கே இவ்வளவு யோசிக்கிறவர் பன்னீருக்கு யோசிக்காமலா இருந்திருப்பார்?"

மன்னர் முகம் சுருங்கியது. "என்ன உளறுகிறீர்? என்னுடையது ராஜ பன்னீர்!"

"சத்தியமாக!" என்றான் தனபூபதி. "ஆயிரம் குப்பிக்கு நடுவில் வைத்தாலும் மணத்திலேயே கண்டுபிடிப்பேன்."

"ஆயிரம் வேண்டாம், மூன்று போதும்" என்று இளங்காரி திரைக்குப் பின்னால் போனார். ஒரே மாதிரியான மூன்று கிண்ணங்களில் பன்னீர் ஊற்றி எடுத்து வந்தார். தனபூபதி ஒவ்வொன்றையும் முகர்ந்தான், கண்ணை மூடினான், நடுக் கிண்ணத்தைத் தொட்டான்.

"இதுதான் ராஜ பன்னீர்!"

மன்னரும் எட்டி முகர்ந்தார். "ஆமாம், இதேதான். என் மூக்கு ஏமாறுமா?"

"ஏமாறாது மன்னா. ஆனால் மூன்று கிண்ணத்திலும் நான் ஊற்றியது உங்கள் குதிரைக்காரன் வாங்கி வைத்திருந்த மண் குப்பிப் பன்னீர்."

மன்னர் முகம் சிவந்தது. ஏமாந்ததைவிட, அவையோர் முன்னால் தலையாட்டியதுதான் அவரைச் சுட்டது. "ஊருணியை இனி எவனும் குத்தகை கேட்கக் கூடாது! இவனுக்கு ஒரு மாதம் சிறை!"

தனபூபதி ஓடிவந்து இளங்காரியின் காலைப் பிடித்தான். "ஐயா, பஞ்சு மெத்தையில் படுத்துப் பழகிய உடம்பு. கண்ட திருடனோடு என்னால் படுக்க முடியாது. என்னைப் போன்றவர்களுக்கென்று தனி வசதி ஏதாவது…"

"இல்லாமலா?" என்றார் இளங்காரி. "நாளைக் காலை காவலரோடு சிறை வாசலுக்கு வாருங்கள். காட்டுகிறேன்."

ஊர்ச் சிறை என்பது பழைய யானைக் கொட்டில். மூன்று வாசலில் இரண்டை எப்போதோ அடைத்துவிட்டார்கள். இளங்காரி அன்றே ஆள் வைத்து இரண்டையும் திறந்து, கதவு மாட்டி, ஒன்றுக்குப் பொன் வண்ணமும் ஒன்றுக்கு வெள்ளை வண்ணமும் பூசச் சொன்னார்.

மறுநாள் மன்னரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"இது ராஜ சிறை, நூறு பொன். இது சீமான் சிறை, ஐம்பது. அந்தக் கடைசிக் கதவுக்குக் காசு வேண்டாம்" என்றார் இளங்காரி.

தனபூபதி முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியது. இந்த ஊரிலும் விவரமான ஆள் இருக்கிறான்! நூறு பொன்னை எண்ணி வைத்தான். பொற்கதவு திறந்தது. நிமிர்ந்து உள்ளே போனான். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே ஒரே கூடம். மூன்று கதவுகளும் அதற்குள்தான் திறந்தன. வைக்கோல் மேல் பாயை விரித்து, ஆடு திருடிய கச்சிராயன் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தான்.

"மோசம்! இதற்கா நூறு பொன்?" என்று தனபூபதி சன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினான்.

"சிறை எல்லாருக்கும் இலவசம்தான் ஐயா," என்றார் இளங்காரி. "நீங்கள் கொடுத்தது கதவுக்கு."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்காமலேயே அந்த நூறு பொன்னையும் அள்ளி இளங்காரியின் கையில் வைத்தார்.

உள்ளே கச்சிராயன் மெல்ல நகர்ந்து இடம் விட்டான்.

"வாங்க சாமி, வந்து படுங்க. எந்தக் கதவு வழியா வந்தாலும் பாய் ஒண்ணுதான் குடுத்திருக்காங்க."